வலது மார்பில் இரண்டு பதக்கங்கள்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ எழுதாமல் இருந்தால் கோபமாக இருக்கிறாய் என்று அர்த்தம், அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். போனில் நீ கத்துவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், விஷயம் அப்படியே நிற்கும். அதனால்தான் கடிதம்.

அம்மாவைப் பற்றித்தான். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. காலையில் குடித்த காப்பி மத்தியானம் ஞாபகம் இல்லை. நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது "பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வீட்டுக்கு வா" என்கிறாள். இதையெல்லாம் நான் சிரித்துச் சமாளித்துவிடுகிறேன். ஒரு கேள்வியைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"சின்னண்ணன் பட்டாளத்தை விட்டு ஓடிப் போனவன்தானே? நான் கதவைச் சாத்தினது சரிதானே?"

நாளெல்லாம் இதே. நான் சரிதான் என்றால், "உனக்கெப்படித் தெரியும்? நீ பிறக்கவே இல்லையே" என்று பிடித்துக்கொள்கிறாள். அழுகிறாள் தம்பி. நம் அம்மா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

கதை உனக்குத் தெரியும், ஆனால் அவள் ஆரம்பித்தாலே நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால் முழுசாகச் சொல்கிறேன். பெரிய மாமாவும் சின்ன மாமாவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். வருஷம் திரும்பவில்லை, பெரிய மாமா செத்துப் போனார் என்று தந்தி வந்தது. அதே மாதம் ராணுவ போலீஸ் இரண்டு பேர் வந்து, சின்னவர் வீட்டுக்கு வந்தாரா என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஓடிப் போய்விட்டான் என்று தாத்தா முடிவு கட்டினார். இனி அவன் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்றார். அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு கவரில் கூடத்தில் இருக்கும் அந்தப் போட்டோ வந்தது. கடிதம் இல்லை, பெயர் இல்லை. தொப்பி நெற்றியை மறைக்கிறது, அண்ணன் தம்பிக்கு முகஜாடையும் ஒரே மாதிரி. நெஞ்சில் பதக்கம் இருக்கிறது, அதனால் செத்துப் போன பெரியவன்தான் என்று மாட்டிப் பூ வைத்தார்கள். அதற்கும் பிறகு ஒரு நாள் சின்ன மாமா வாசலில் வந்து நின்றார். அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள், பாவாடை கட்டின பெண். கதவைச் சாத்திவிட்டாள். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

ஊரார் வீட்டுப் போட்டோவுக்கெல்லாம் நீ உன் ராணுவ மியூசியத்தில் உட்கார்ந்து, இது இன்ன சட்டை, இது இன்ன பதக்கம் என்று பதில் எழுதுகிறாயாமே. நம் வீட்டுச் சுவரில் இருப்பதை ஒரு நாளாவது நின்று பார்த்தாயா? ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அது யார், அதை வைத்துச் சின்ன மாமாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மட்டும் சொல். நம் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

நகல் கிடைத்தது. மங்கலாக இருக்கிறது. இருந்தாலும் பார்த்தேன்.

காலாட்படை வீரரின் சம்பிரதாயக் கோட்டு. இடது மார்பில், இதயத்துக்கு மேலே, இரண்டு பதக்கங்கள். ஒன்று போரில் கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுப்பது. இன்னொன்று வீரத்துக்கானது, சும்மா கிடைக்காது. ஒருவர் தனக்குக் கிடைத்த பதக்கத்தை இடது மார்பில்தான் அணிவார். ஆகவே இவை இவருக்கே கிடைத்தவை. ஓடிப் போனவருக்கு இந்தப் பதக்கத்தைத் தரமாட்டார்கள். ஆகவே இது பெரிய மாமா. தாத்தா சொன்னது சரி. சின்ன மாமாவைப் பற்றி இந்தப் படத்தில் எதுவும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லலாம்.

நான் கதையின் பாதியில் எழுந்து போவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கதையின் முடிவில் ஒவ்வொரு முறையும் அவள் என்னைப் பார்ப்பாள், "இந்த வீட்டுக் கதவு ஒரு தடவை சாத்தினா சாத்தினதுதான்" என்பாள். அதனால்தான் எழுந்து போனேன். அப்பா இறந்தபோது நான் மியூசியம் சாமான்களோடு வெளியூர்க் கண்காட்சியில் இருந்தேன். தகவல் வந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியோடு வாசலில் நின்றேன். "எதுக்கு வந்தே?" என்று கேட்டாள், சாத்தினாள். நீ உள்ளேதான் இருந்தாய். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றாய். சரி.

தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் கடிதம் என்னவோ வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஆகவே, ஆகவே, ஆகவே. ஆனால் உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.

அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். (வாசல் சங்கதியைப் படிக்கவில்லை.) மியூசியத்தில் வேலை பார்க்கிற உன் மகன் எழுதியிருக்கிறான், படத்தில் இருப்பது பெரியண்ணன்தானாம், தாத்தா சொன்னது சரிதானாம் என்றேன்.

"அப்போ சின்னவன் ஓடிப் போனவன்தான்."

"ஆமாம்மா."

"நான் செஞ்சது சரிதான்."

"சரிதாம்மா."

அப்படி ஒரு பெருமூச்சு விட்டாள் பார், மார்பில் ஏற்றிவைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி. அன்றிலிருந்து கேட்கவே இல்லை. ராத்திரி தூங்குகிறாள். சோற்றைத் தட்டில் வைத்துக் கோலம் போடாமல் சாப்பிடுகிறாள். நேற்று பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் "என் பையன் பெரிய மியூசியத்துல இருக்கான், அவன் பார்த்துச் சொன்னா சொன்னதுதான்" என்று பீற்றிக்கொண்டாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன்.

பாத்திரம் கழுவின சத்தத்தைப் பற்றி: ஆமாம், உள்ளேதான் இருந்தேன். என்ன செய்திருக்க வேண்டும்? அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்திருக்க வேண்டுமா? அப்பா போய் நாலு நாள்கூட ஆகவில்லை. அவளோடு அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் நான். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

எப்படியோ, நன்றி. வாய்விட்டுச் சொல்கிறேன், பத்திரப்படுத்திக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்கா,

ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் இங்கே மியூசியத்தில் ஒரு ஆளுயரப் பொம்மைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். பட்டன் போடும்போது கை சட்டென்று நின்றுவிட்டது. ஆண்கள் கோட்டில் இடது பக்கத் துணி மேலே வரும், வலது பக்கத் துணி அதற்கு அடியில் போகும். என் சட்டை, தபால்காரர் சட்டை, எந்த ஆண் சட்டையும் அப்படித்தான். மேஜையில் இருந்த உன் நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் வலது பக்கத் துணி மேலே இருக்கிறது.

ராணுவத்தில் யாரும் அப்படித் தைக்கமாட்டார்கள். நான் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். தினமும் அந்நியர்களுக்கு முதலில் பட்டனைப் பாருங்கள் என்று எழுதுகிறவன். பதக்கம் இருக்கிற பக்கத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டுவிட்டேன்.

நீ ஒன்று செய். சுவரில் இருக்கும் படத்தின் முன்னால் நின்று பார். பதக்கங்கள் அவருடைய எந்தக் கைப் பக்கம் இருக்கின்றன? உன் கைப் பக்கம் இல்லை, அவர் கைப் பக்கம். முடிந்தால் சட்டத்திலிருந்து எடுத்துப் பார். படத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் அட்டைக்கு அடியில் கை மறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பி,

வலது கைப் பக்கம். அவருடைய வலது. நான் படத்துக்கு எதிரே நின்று பார்த்தேன், பிறகு முதுகைக் காட்டி நின்று என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், டீச்சரம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து "என்னம்மா, டான்ஸா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற படம். அதன் தூசியைத் துடைத்தவள் நான். பதக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் சத்தியமாகத் தெரியாது என்றிருப்பேன்.

அந்த ஸ்டுடியோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஃபிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே! "ஆள் அதே ஆள்தானேம்மா? வலது இடதுல என்ன இருக்கு?" என்கிறார்.

அம்மா குளிக்கும்போது சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் ஏதாவது எழுதியிருக்கும் என்று ஆசை ஆசையாகத் திருப்பினேன். ஒரு எழுத்து இல்லை. கரப்பான் தின்ற பசைதான். ஆனால் நீ சொன்ன மாதிரி அட்டைக்கு அடியில் கை இருக்கிறது. இடது கை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கூரை மாதிரி இரண்டு பட்டை தைத்திருக்கிறது. கூர் மேலே பார்க்கிறது.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? சுற்றி வளைக்காமல் சொல். அவள் நிம்மதியாக இருக்கிறாள் தம்பி. ராத்திரி குறட்டை விடுகிறாள்.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்கிறேன்.

இறந்து போனவரின் பதக்கத்தை அவருடைய ரத்த சொந்தம் அணிந்துகொள்ளும் வழக்கம் பல பட்டாளங்களில் உண்டு. அப்போது இடது பக்கம் குத்தக் கூடாது. இது எனக்குக் கிடைத்தது இல்லை, எங்கள் வீட்டில் செத்தவருடையது என்று காட்ட வலது மார்பில் குத்திக்கொள்வார்கள். யூனிஃபார்மில் இருக்கும்போது அதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. படம் எடுக்க மட்டும் குத்திக்கொண்டிருக்கலாம்.

கையில் இருக்கும் பட்டை பதவிக்கானது இல்லை. பதவிப் பட்டை மேல் கையில் இருக்கும். இது நன்னடத்தைப் பட்டை. ஒரு புகாரும் இல்லாமல் வருஷக்கணக்கில் வேலை பார்த்தால்தான் ஒன்று கிடைக்கும். இவருக்கு இரண்டு இருக்கிறது. பெரிய மாமா சேர்ந்த வருஷமே போய்விட்டார். அவருக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்க வழியில்லை.

படத்தில் இருப்பது சின்ன மாமா. அவர் ஓடிப் போகவில்லை. அண்ணன் செத்த பிறகும் வருஷக்கணக்கில் அதே பட்டாளத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறார். அண்ணனுடைய பதக்கத்தை வாங்கிக்கொண்டு, அதைக் குத்திப் படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்கு எழுத வராது என்று அம்மா சொல்லியிருக்கிறாள் இல்லையா? இதுதான் அவர் எழுதின கடிதம். நம் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவர் படத்தை மாட்டி, செத்தவர் என்று பூ வைத்துவிட்டோம்.

அப்படியென்றால் அந்த போலீஸ்காரர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்பாய். தெரியவில்லை. சண்டை நடக்கும்போது ஆளைக் காணோம் என்று எழுதுவார்கள், ஆஸ்பத்திரியிலோ வேறு படையிலோ கண்டுபிடித்ததும் எழுதினதை அடித்துவிடுவார்கள். காணோம் என்று சொல்ல வந்தவர்கள், கிடைத்துவிட்டார் என்று சொல்ல வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அந்த மனுஷனுக்கு நாம் செய்யக் கூடியது அது ஒன்றுதான். செய்யாத தப்புக்குக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி

*

மார்ச் 6

தம்பி,

சொல்லமாட்டேன். அவ்வளவுதான்.

அந்த மனுஷனுக்காம்! அவர் எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? இருக்கிறாரா என்றாவது தெரியுமா? இங்கே என் கண் முன்னால் ஒரு மனுஷி இருக்கிறாள். ஒரு மாதமாகத்தான் அழாமல் இருக்கிறாள். அதுவும் யார் சொன்னதை நம்பி? உன்னை. நீ "ஆகவே இது பெரிய மாமா" என்று எழுதினாய், நான் அதை அவள் காதில் போட்டேன். இப்போது போய், அம்மா, உன் பையன் பட்டனைப் பார்க்க மறந்துவிட்டான், நீ ஒரு பாவமும் அறியாத அண்ணனைத்தான் வெளியே நிறுத்தினாய் என்று சொல்லவா? சொல்லிவிட்டு நான் மருந்துக்கடைக்குப் போய்விடவா? ராத்திரி அவள் பக்கத்தில் யார் படுப்பது, நீயா?

கடைசி வரியை எழுதினாயே, அது அவருக்காக எழுதினதா, உனக்காகவா? உனக்கு அவள் தோற்கவேண்டும். அதற்குச் சின்ன மாமாவைப் பிடித்துக்கொண்டாய்.

படத்தைப் பழையபடி மாட்டிவிட்டேன். அதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 24

தம்பி,

சொல்லிவிட்டேன்.

நானாகச் சொல்லவில்லை. அந்தப் பழைய அட்டை என் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதால் அதில்லாமல்தான் படத்தை மாட்டியிருந்தேன். கை முழுசாகத் தெரிகிறது. அவளுக்கு என் பெயரே சில நாள் ஞாபகம் வராது, ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டாள். "இது என்னடி கையில புதுசா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது என் காது சிவக்கும் என்று உனக்குத் தெரியுமே, அவளும் அதை மறக்கவில்லை. என்னால் முடியவில்லை தம்பி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

தலையில் அடித்துக்கொள்வாள், கத்துவாள் என்று நினைத்தேன். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அவள் இதுவரை நம்மிடம் சொல்லாதது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா சொன்னதுக்காக மட்டும் நான் கதவைச் சாத்தலை. முதல்ல அவனைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கட்டிக்கத்தான் போனேன். அவன் சாதா கோட்டுதான் போட்டிருந்தான். ஆனா இந்தப் பக்கம் (தன் வலது மார்பைத் தொட்டுக் காட்டினாள்) பதக்கம் குத்தியிருந்தான். படத்துல இருக்கிற அதே ரெண்டு பதக்கம். சிரிச்சுக்கிட்டே அதைத் தொட்டுக் காட்டினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'பெரியண்ணனோடதைத் திருடிக் குத்திக்கிட்டு வந்திருக்கியா? உள்ள பாரு, அது அவனோடது!'ன்னு கூடத்துப் படத்தைக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான். படத்தையும் பார்த்தான், பூவையும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் பதக்கத்தைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டான். நான் சாத்திட்டேன்."

அவருடைய படத்தையே அவருக்குக் காட்டியிருக்கிறாள். பூவோடு.

அன்று சாயங்காலமே எழுந்து போய்ப் படத்தின் முன்னால் இருந்த பூ டம்ளரை எடுத்துக் கொட்டினாள். "உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குடி பூ?" என்றாள். இப்போது என்ன என்கிறாயா? காத்திருக்கிறாள். அவர் வருவார் என்று காத்திருக்கிறாள். அவருக்கு என்ன வயசு இருக்கும் என்று சொன்னால் காதில் ஏறவில்லை. வாசல் கதவைச் சாத்தவிடமாட்டேன் என்கிறாள். நான் கண்ணயர்ந்தால் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறாள். பூனை உள்ளே வந்து பாலை உருட்டுகிறது. மழை வந்து கூடம் நனைகிறது. நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குடையோடு யார் போனாலும் எழுந்து நிற்கிறாள்.

முன்பு அழுதாள், துடைத்துவிட்டேன். இதற்கு நான் என்ன செய்வேன், சொல்லு. அவரைத் தேடு. உயிரோடு இல்லை என்றாலும் தேடு. எங்கேயாவது ஒரு கல்லறையில் பெயர் இருந்தால்கூட நான் அதைச் சொல்லி அவளை உள்ளே கூட்டிப் போய்ப் படுக்கவைப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

தேடிவிட்டேன். பழைய வீரர்கள் சங்கம், அவர்களுக்கான ஆதரவு இல்லம், ஆவணக் காப்பகம் எல்லாவற்றுக்கும் நேரிலேயே போனேன். காப்பகத்தில் அந்தப் படைப்பிரிவின் காகிதங்கள் வெள்ளத்தில் போய்விட்டன என்றார்கள். இல்லத்தில் ஒரு பெரியவர் போட்டோவை வாங்கிப் பார்த்து, "இந்த மாதிரி நூறு பேரைத் தெரியும்பா" என்றார். எங்கேயும் இல்லை. கல்லறையும் இல்லை. என் தொழிலே இதுதான், என் சொந்த மாமாவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் நீ கேட்டதற்குப் பதில்: அந்தக் கடைசி வரி எனக்காகவும்தான் எழுதினது. நீ சொன்னது உறைத்தது.

லீவு கிடைத்திருக்கிறது. வரலாமா என்று எழுதி, பதிலுக்குக் காத்திருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். அதனால் பதினான்காம் தேதி வருகிறேன். உடனே திரும்பவேண்டும், ஒரு பகல்தான். அவளிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 19

அக்கா,

பஸ் ஸ்டாண்டில் நீ "என்னதாண்டா பேசினீங்க?" என்று கேட்டாய். பஸ் கிளம்பிவிட்டது என்று கையைக் காட்டினேன். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நான்தான் ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

நீ இந்தத் தடவையும் உள்ளேதான் இருந்தாய். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றுதான் வெளியே வரவில்லை என்று தெரியும். காலையில் இருந்து கழுவின அதே நாலு தட்டைத்தானே திரும்பக் கழுவினாய்?

தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். நான் வாசல்படியில் நின்றேன். "எதுக்கு வந்தே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "அண்ணே" என்றாள்.

அம்மா, நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிட்ட வந்து என் சட்டையில் கை வைத்தாள். வலது பக்கம். தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"கழட்டிட்டியா? நான் திட்டினதாலயா?"

அவள் கை என் சட்டையிலேயே இருந்தது.

"தெரியாம திட்டிட்டேன் அண்ணே. சின்னப் பொண்ணுதானே நான். குத்திக்கோ. உனக்குத்தான் உரிமை."

என் மேஜை இழுப்பறை முழுக்கப் பதக்கம் அக்கா. துடைத்து, நாடா மாற்றி, வரிசையாக வைத்திருக்கிறேன். ஒன்றையாவது எடுத்து வந்திருக்கலாம் என்று அந்த நிமிஷத்தில் திருட்டுப் புத்தி வந்தது. என்னிடம் சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டுதான் இருந்தது. அவள் தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். என் நெஞ்சில் இரண்டு தடவை குத்தியும்விட்டாள். வலது பக்கம் அந்த ஊக்கை மாட்டி, தட்டிச் சரி பண்ணி, "இப்பத்தான் நல்லாருக்கு, உள்ள வா" என்றாள்.

போனேன்.

என்னை வெளியே நிறுத்தினதற்கு ஒரு நாள் அவள் வருத்தப்படுவாள், அதை நான் கேட்பேன் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா? கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுது, மன்னிப்புக் கேட்டாள். அது எனக்கு வந்தது இல்லை, வேறு ஒருவருக்குச் சேரவேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன். அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அம்மா இப்போது எப்படி இருக்கிறாள்? கதவைச் சாத்தவிடுகிறாளா? அதை மட்டும் உடனே எழுது.

தம்பி

*

மே 1

தம்பி,

உடனே எழுது என்றாய். நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

நீ போன அன்று ராத்திரி அவளே எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். எனக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. முடிந்தது, இனிமேல் தூங்குவாள் என்று நினைத்தேன். காலையில் நான் எழுந்தபோது கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சின்னண்ணன் வந்தானா?"

"நேத்து வந்தாரேம்மா. நீதானே உள்ள கூப்பிட்டே."

"நானா? நானா கூப்பிட்டேன்?" அப்படிச் சிரித்தாள் தம்பி. முகமெல்லாம் சிரிப்பு. "உள்ள வந்தானா? சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார்."

"பதக்கம் குத்தியிருந்தானா?"

"குத்தியிருந்தார். வலது பக்கம்."

சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "சின்னண்ணன் வந்தானா? நான் கதவைச் சாத்திட்டேனே, தெரியாம சாத்திட்டேனே" என்று ஆரம்பம். ஓடிப் போனவர் இல்லை என்பது மட்டும் எப்படியோ மண்டையில் தங்கிவிட்டது. நீ வந்தது தங்கவில்லை. தினமும் சொல்கிறேன். தினமும் அழுது, கேட்டு, சிரித்து, மறந்துவிடுகிறாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை சின்ன மாமாவை வாசலில் நிறுத்தி மூன்று தடவை உள்ளே கூட்டி வருகிறேன். சில நாள் எனக்கே வாய் வலித்து, கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். அன்றைக்கு அவர் வரவில்லை.

உன்னைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டாள். அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், மறைத்தால் நீ என்னை விடமாட்டாய். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டேன், தெளிவாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "தம்பி வரவே மாட்டேங்கிறானே, நான் அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கா?" என்றாள்.

"வந்தாம்மா, கொஞ்ச நாள் முன்னாடிதான் வந்தான்" என்றேன்.

"பொய் சொல்லாதே. வந்திருந்தா எனக்குத் தெரியாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை தம்பி. லீவு கிடைத்தால் வா. யாராக வந்தாலும் சரி, வா. கதவு திறந்துதான் இருக்கிறது.

அக்கா